நடுவர் குரலில் கேட்ட மன்னிப்பு

இல்ல அண்ணே, கண்டக்டர் கூப்பிடல. அது நான்தான். "சாத்தூர் எல்லாம் உள்ள வா, உள்ள வா, படியில நிக்காத"ன்னு கத்தினது நான். அந்த மனுஷன் அங்கே டீக்கடையில நின்னு வடையைப் பிச்சுக்கிட்டிருந்தார். கூட்டம் அவர் குரல்னு நம்பி உள்ளே வந்துட்டது. விசிலும் நான்தான், வாயாலேயே அடிச்சேன். டிரைவர் கியரைப் போட்டதும் பாவம், வடையும் கையுமா ஓடி வந்து ஏறினார் பாருங்க! திட்டாதீங்க அண்ணே. கோவில்பட்டி ஸ்டாண்டுல இந்த பஸ்ஸை எப்பவுமே நேரத்துக்கு எடுக்கிறது இல்ல. எனக்கு இன்னைக்கு அவசரம்.

பேர் செண்பகராஜ். கூப்பிடுறது செம்பா. பத்தாம் கிளாஸ். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்குல ஒரு நாள் லீவு விட்டேன். பாதி ஸ்கூல் கேட்டைத் தாண்டின பிறகுதான் அவர் வெளியே வந்தார். வந்தவர், தான்தான் சொல்லியிருப்போமோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சார் பாருங்க, அதுதான் அண்ணே வித்தை. பிறகு அடி விழுந்தது, அது வேற.

இப்போ உங்ககிட்டப் பேசுறேனே, இதுகூட எங்க மாமா குரல். மருந்துக் கம்பெனி ரெப்பு. டாக்டருங்களே நம்புற குரல். சொந்தக் குரலா? அது எதுக்கு அண்ணே? எட்டாம் கிளாஸ்ல இருந்து அதை நான் வெளியே எடுக்கிறதே இல்ல. தேவைப்படல.

சாத்தூர்ல யாரைப் பார்க்கவா? புலவர் நம்பிராசன். பட்டிமன்ற நடுவர். அவர் குரல்ல நான் ஒரு அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். அந்த அம்மாவும் அவரை மன்னிச்சுட்டாங்க. அதுதான் இப்போ பிரச்சினை.

முதல்ல இருந்து சொல்றேன். ஆனா பேர் மட்டும் கேட்காதீங்க. பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

என்கூடப் படிக்கிற பிள்ளை. ரிஜிஸ்டர்ல பூபதி, ஆம்பளைப் பிள்ளைன்னு இருக்கு. ஆனா அவளுக்கு விவரம் தெரிஞ்ச நாளா தான் பொம்பளைப் பிள்ளைன்னுதான் தெரியும். தனக்குத்தானே வச்சுக்கிட்ட பேர் பூரணி. அட, சொல்லிட்டேனா? சரி விடுங்க, நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ. அவங்க அம்மா பேச்சித்தாய், ஜாக்கெட் தைக்கிறவங்க. எங்க தெருவுல அவங்க தைக்காத ஜாக்கெட் இல்ல. அப்பா கிடையாது. அம்மாவுக்குப் பிள்ளையைப் பூபதின்னும் கூப்பிட முடியல, பூரணின்னும் கூப்பிட வாய் வரல. அதனால 'பூவு'ம்பாங்க. வெளியே பேசினா 'எம் பிள்ள'ம்பாங்க. மகன்னும் சொல்றது இல்ல, மகள்னும் சொல்றது இல்ல.

போன வருஷக் கடைசியில பூரணிக்குக் குரல் உடைய ஆரம்பிச்சது. நமக்கெல்லாம் உடையுறதுதான். ஆனா அவளுக்கு அது வீட்டுக்குள்ள திருடன் வந்த மாதிரி. கிளாஸ்ல வாயைத் திறக்கிறதையே விட்டுட்டா. ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டுல வச்சு என்னைப் பிடிச்சா.

"ஏல செம்பா, நீ எல்லாக் குரலும் பேசுதியே. என் குரல் போயிராம இருக்க எனக்கு ஒண்ணு சொல்லித் தருவியா?"

எனக்குப் பெருமை தாங்கல அண்ணே. குருவாயிட்டேனே! ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கூட்ஸ் வண்டி நிக்கிற இடத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போவோம். "தொண்டையில இருந்து பேசாத, மூக்குக்குப் பின்னால வை. மூச்சைப் பாதியில நிறுத்து. கடைசி எழுத்தை அழுத்தாத"ன்னு சொல்லிக் குடுப்பேன். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சாயங்காலம் வாசல்ல செருப்பைக் கழற்றிக்கிட்டே 'அம்மா, நான் வந்துட்டேன்'னு சொல்லணும். தையல் மிஷினை நிறுத்தாமலே அம்மா 'வந்துட்டியா பூவு'ன்னு கேட்கணும். அவ்வளவுதான். குரல் உடைஞ்சு வந்தா மிஷின் நின்னுடுதாம். அம்மா நிமிர்ந்து பார்க்கிறாங்களாம். அந்தப் பார்வைதான் அவளுக்குத் தாங்கல.

முதல் வார்த்தை புல்லாங்குழல் மாதிரி வரும். 'நான்'ல தகர டின்னை உதைச்ச மாதிரி விழும். 'வந்துட்டேன்'ல எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து ஏறி வரும். கேளுங்க: 'அம்மா, நா…ன் வந்…துட்டேன்.' பார்த்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது. சிரிங்க, பரவாயில்ல. முன் சீட்டு அக்காவும் சிரிக்கிறாங்க. அந்த உடைசல் இருக்கே, அதைப் பிடிக்கிறது லேசு இல்ல அண்ணே. வேற எவனுக்கும் வராது.

இந்த நேரத்துலதான் டிவியில அந்தச் சட்டப் பேச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குப் பாலின மாற்றம் சம்பந்தமா எந்த மருந்தும் ஊசியும் டாக்டர் தரக்கூடாதுன்னு ஒரு சட்டம் வரப்போகுதாம். தினம் நாலு பேர் உட்கார்ந்து கத்துவாங்க. நானும் வீட்டுல நாலு பேர் குரல்லயும் கத்திக் காட்டுவேன், எங்கம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பேச்சி அத்தைக்கு அது சிரிப்பு இல்ல. பூரணியை மதுரைக்கு ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. உடம்பு மேற்கொண்டு மாறாம நிறுத்தி வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, அதுலயும் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கு, நல்லாப் பேசி, சோதிச்சுப் பார்த்து முடிவு பண்ணுவோம், சட்டம் வந்துட்டா என் கையில எதுவும் இல்லன்னு அந்த டாக்டரம்மா சொல்லி, மறுபடி வர ஒரு நாளும் குறிச்சுக் குடுத்துட்டாங்க.

அத்தை தனியா எதையும் முடிவு பண்ண மாட்டாங்க. "ஊருல நாலு பெரியவுக என்ன சொல்லுதாகன்னு கேட்டுக்கிடுவோம் பூவு"ன்னாங்க. அந்தச் சமயம் பார்த்து நூலகத்து வாசகர் வட்டம் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வச்சாங்க. தலைப்பே அதுதான். 'பதினெட்டு வயதுக்கு முன் அந்த மருத்துவத்தைச் சட்டம் தடுப்பது சரியே, தவறே.' நடுவர் சாத்தூர் புலவர். அத்தை நோட்டீஸைப் பார்த்ததுமே சொல்லிட்டாங்க, போய்க் கேட்போம்னு.

'தவறே' அணியில மூணாவது பேச்சாளர் யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்! ஒவ்வொரு அணிக்கும் சிரிக்க வைக்க ஒரு ஆள் வேணும்ல. அதை நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணே, நான் பூரணி பக்கம். எதிர் அணி இல்ல. அவளுக்காகத்தான் பேசினேன்.

மண்டபம் நிறைஞ்சு வழிஞ்சது. 'சரியே' அணிக்கு எங்க கணக்கு டீச்சர் தேவகி. நல்லாத்தான் பேசினாங்க, ஒத்துக்கணும். "என் வகுப்புல ஒரு பையன் சாமியாராப் போறேன்னு ஒன்பதாம் வகுப்புல அழுதான். இப்போ துபாய்ல இருக்கான், மூணு பிள்ளை. அன்னைக்கே மொட்டை போட்டு அனுப்பியிருந்தா? முடியாவது முளைச்சிரும் நடுவர் அவர்களே, எல்லாம் முளைக்காது. பொறுன்னு சொல்றது கொடுமை இல்ல, காவல்." கைதட்டல். எங்க அணியில பேசின வக்கீல் ஒருத்தர் எந்திரிச்சார்: "நாம பொறுப்போம். உடம்பு பொறுக்குமா? அது எந்தச் சட்டத்தைக் கேட்டு வளருது? ஒண்ணும் செய்யாம இருக்கிறதும் ஒரு முடிவுதானே நடுவர் அவர்களே!" அதுக்கும் கைதட்டல். பின்வரிசையில அத்தை ரெண்டு பேச்சுக்கும் தலையாட்டிக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல பூரணி. என்னைப் பார்த்து லேசா கையைத் தூக்கினா.

என் முறை வந்தது. அழ வைக்கத்தான் நினைச்சேன் அண்ணே. சத்தியமா. "அவையோர்களே, தன் குரலைத் தானே இழந்துக்கிட்டிருக்கிற ஒரு பிள்ளையைக் கேளுங்கள்"னு சொல்லிட்டு, அந்த வாக்கியத்தைப் பேசினேன். 'அம்மா, நான் வந்துட்டேன்.' அச்சு அசலா.

ஒரு நொடி அமைதி. நான் நினைச்ச அமைதிதான். அப்போ மூணாவது வரிசையில ஒருத்தன் மூக்கால 'புஸ்'ஸுன்னான். அவ்வளவுதான், மண்டபமே வெடிச்சது.

சிரிப்பு வந்துட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது. இது நோய் மாதிரி அண்ணே. இன்னொரு தரம் பேசினேன். இன்னும் பெரிய சிரிப்பு. செருப்பைக் கழற்றுற மாதிரி நடிச்சுக்கிட்டே மூணாவது தரம். அதோட விட்டிருக்கலாம். பதில் வேணும்ல? 'கடகடகட'ன்னு தையல் மிஷினை ஓட்டி, நிறுத்தி, 'வந்துட்டியா பூவு'ன்னு அத்தை குரல்லயே கேட்டுட்டேன்.

எங்க தெருப் பொம்பளைங்க எல்லாரும் அத்தைகிட்ட ஜாக்கெட் தைக்கிறவங்கதானே. அந்தக் குரல் யாருக்குத் தெரியாது? வரிசை வரிசையாத் தலை பின்னால திரும்பினது. சிரிச்சுக்கிட்டேதான் திரும்பினாங்க. பூரணி ஒரு கையால தன் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. புலவர் சிரிச்ச சிரிப்புல கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். மேடையில சிரிக்காத ஒரே ஆள் தேவகி டீச்சர். "போதும் உட்காரு"ன்னாங்க, மைக் இல்லாம.

ஆனா நாங்கதான் ஜெயிச்சோம் அண்ணே. அதையும் சொல்லணும்ல. புலவர் தீர்ப்பு: "தடுப்பது… தவறே!" எனக்குத் தனியாப் பொன்னாடை. பூரணி பக்கம்தான் தீர்ப்பு. நான் பேசினதாலதான் தீர்ப்பு. நான் திரும்பிப் பார்க்கும்போது பின்வரிசையில ரெண்டு நாற்காலி காலியா இருந்தது.

மறுநாள்ல இருந்து அவ பள்ளிக்கூடம் வரல. பேச்சையே நிறுத்திட்டாளாம். வீட்டுலயும் தலையாட்டுறது, கையைக் காட்டுறது, அவ்வளவுதான். மதுரைக்குப் போறது இல்லன்னு அத்தை எங்கம்மாகிட்டச் சொல்லிட்டாங்களாம். சொல்லிட்டு, எங்கம்மா தைக்கக் குடுத்திருந்த துணியைத் தைக்காமலே திருப்பிக் குடுத்துட்டாங்க. நான் அவங்க வாசல் வரைக்கும் போனேன். உள்ளே மிஷின் ஓடுது. 'அத்தை'ன்னு கூப்பிடணும். எந்தக் குரல்ல கூப்பிடுறதுன்னு தெரியல அண்ணே. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். திரும்பி வந்துட்டேன்.

நேத்து சாயங்காலம் மாமாவோட பழைய சிம்மைப் போட்டு அத்தைக்குப் போன் அடிச்சேன். புலவர் குரல்ல. "வணக்கம் அம்மையே, சாத்தூர் நம்பிராசன் பேசுகிறேன்." அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுற சத்தம். எந்திரிச்சு நின்னுட்டாங்க அண்ணே!

"ஐயா! நீங்களா! தீர்ப்பு எம் பிள்ள பக்கந்தான் ஐயா சொன்னீக. வக்கீலு பேசுனதும் எனக்குப் புரிஞ்சுச்சு. டீச்சரம்மா பேசுனதும் புரிஞ்சுச்சு. ஆனா அந்தச் சிரிப்பு… சட்டம் தடுக்கட்டும், தடுக்காமப் போகட்டும். மருந்த வாங்கிக் குடுத்து எம் பிள்ளைய அந்தச் சிரிப்புக்கு நடுவுலதான ஐயா நான் விடணும்? நீங்களும் சிரிச்சீக ஐயா."

"சிரித்தது என் பிழை. பொறுத்தருள வேண்டும் அம்மா"ன்னேன். அழுதுட்டாங்க. பெரியவங்க நீங்க மன்னிப்பெல்லாம் கேட்கக்கூடாது, உங்க மேல எனக்கு வருத்தமே இல்லன்னாங்க. எனக்கு நெஞ்சு லேசாயிட்டது. அப்புறம்தான் உறைச்சது, மன்னிச்சது என்னை இல்ல. சரி, இந்தக் குரல்லயே எனக்கும் சேர்த்துக் கேட்டுருவோம்னு, "அந்தப் பையன் சின்னவன் அம்மா, விவரம் தெரியாது"ன்னேன்.

"எம் பிள்ளைக்கும் அதே வயசுதான் ஐயா"ன்னாங்க. "அவன் எங்க வீட்டுல கை நனைச்ச பய."

புலவர் மாதிரியே ஒரு தரம் கனைச்சேன். அவங்களே தொடர்ந்தாங்க: "ஐயா, நாளக்கழிச்சு மதுர டாக்டரம்மா வரச் சொன்ன நாளு. கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நான் செய்யுதேன்."

எப்படி இருக்கு பாருங்க அண்ணே! பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பத்தி முடிவெடுக்கத் தெரியுமான்னு அன்னைக்குப் பட்டிமன்றத்துல சாயங்காலம் முழுக்கக் கத்தினோம். இப்போ பதினஞ்சு வயசுப் பய ஒருத்தன் கிழவன் குரல்ல இன்னொரு பிள்ளை உடம்புக்குத் தீர்ப்புச் சொல்லணும். "நாளை சொல்கிறேன் அம்மையே"ன்னு வச்சுட்டேன். அதான் புலவர் கால்ல விழப் போறேன். நிஜப் புலவரே பேசட்டும். என்ன சொல்வாரோ சொல்லட்டும்.

இருங்க அண்ணே, போன். அய்யோ, அத்தை நம்பர். இந்த சிம்முக்குத்தான் வருது. எடுக்காம இருக்கவா? இல்ல, எடுக்கிறேன். "வணக்கம் அம்மையே, நம்பிராசன் பேசுகி…"

அண்ணே, பூரணி! அவளேதான். 'ஐயா குரலக் கீழ வைடா செம்பா'ங்கிறா! நேத்து அத்தை ஸ்பீக்கர்ல போட்டதைப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தாளாம். 'அம்மையே'ன்னு நான் இழுத்ததுமே கண்டுபிடிச்சுட்டாளாம்.

"ஏன் அத்தைகிட்ட அப்பவே சொல்லல?… ம்… ம்."

இந்த ஒரு வாரத்துல அவங்கம்மா அவளைப் பத்தி வாயைத் திறந்து பேசினதே அந்தப் போன்லதானாம். நிறுத்த மனசு வரலயாம். பேசுறா அண்ணே! குரல் உடையுது, மறைக்கவே இல்ல, அப்படியே பேசுறா.

"என்ன?… இல்ல பூரணி, அது வேண்டாம். நான் புலவரைப் பார்க்கத்தான் போய்க்கிட்டிருக்கேன், அவரே… இல்ல, கேளு…"

அம்மாகிட்டப் போனைக் குடுக்கப் போறாளாம். ஐயா குரல்ல 'மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்றா. நீ கெடுத்ததை நீயே சரி பண்ணுங்கிறா. சொல்லிரவா அண்ணே? சொன்னா அத்தை கேட்டுருவாங்க. என் வாய்க்கு அது ஒரு நிமிஷ வேலை. சொல்லுங்க அண்ணே. ஏன் ஜன்னலைப் பார்க்கிறீங்க?

"ஹலோ… ம்… அத்தை. ஐயா இல்ல அத்தை. நா…ன். நான் செண்பக…ராஜ்."

அக்கா, சிரிக்காதீங்க. ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க? நான் இப்போ யாரையும் பேசிக் காட்டல.

"அத்தை, நேத்துப் பேசினதும் நான்தான். அன்னைக்கு… இல்ல அத்தை. இல்ல. அவளைப் பேசிக் காட்டல. சத்தியமா இது என் தொண்டை அத்தை. இப்படித்தான் உடைஞ்சு வருது. நான் இதை வெளியே எடுக்கிறதே… அது பஸ்ஸுல உள்ளவங்க. அவங்க சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்துத்தான்… அத்தை? அத்தை?"

வச்சுட்டாங்க.

என்ன சொன்னாங்கன்னா கேட்கிறீங்க? சொல்றேன். அவங்க குரல்ல இல்ல, வார்த்தையை மட்டும் சொல்றேன். 'இன்னமும் எம் மகளத்தான் பேசிக் காட்டிக்கிட்டுத் திரியுதியா'ன்னு கேட்டாங்க.

மகள்னாங்க அண்ணே. இது வரைக்கும் பூவுதான், பிள்ளைதான். அவ பக்கத்துலதான் நின்னிருப்பா. கேட்டிருப்பா.

மதுரைக்குப் போவாங்களா, மாட்டாங்களா, எனக்குத் தெரியாது. இனிமே என்கிட்ட யாரும் சொல்லவும் மாட்டாங்க.

சாத்தூர் வந்துட்டது. புலவர் வீட்டுக்குப் போகத்தான் வேணும், அவர் குரலை எடுத்ததை அவர்கிட்டச் சொல்லணும்ல. விசில் நான் அடிக்கல, அது நிஜக் கண்டக்டர். கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, இறங்கிக்கிறேன்.

அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நான் இங்க பேசினதை வீட்டுக்குப் போய் யார்கிட்டயும் பேசிக் காட்டிராதீங்க.